மேலே தவம், கீழே நிட்டிங்

1

இந்த ஊரில் பனி விழும்போது ஓசை இருப்பதில்லை. மழையென்றால் கூரையில் விழுந்து தன் வரவைச் சொல்லும். பனி எதையும் சொல்லாது. காலையில் திரைச்சீலையை விலக்கினால் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். எதிர்வீட்டுக் கார் ஒரு வெள்ளை மேடாக நிற்கும். திருப்பூரில் அமர்ந்து இதைப் படிக்கும் உங்களுக்கு ஓசையற்ற காலைப்பொழுதை எவ்வாறு விளக்குவேன்? நம் தெருக்களில் ஞாயிற்றுக்கிழமையும் எங்கோ ஒரு கம்ப்ரஸர் இரைந்துகொண்டிருக்கும். எல்லா மிஷின்களும் ஒருசேர நின்றால் தெருநாய்கூடத் தலைதூக்கிப் பார்க்கும்.

கனடாவில், டொராண்டோவை அடுத்த பிராம்டன் நகரில், என் மகள் பூங்கோதையின் வீட்டில் எனக்கு இது மூன்றாவது குளிர்காலம். மகளும் மருமகனும் பொழுது புலரும் முன்னரே வேலைக்குப் புறப்படுவர். பேத்தி நிலா பள்ளிப் பேருந்தில் ஏறுவாள். கதவு சாத்தும் ஓசை ஒன்று, பூட்டு தானே விழும் ஓசை ஒன்று. அதன்பின் மாலைவரை இவ்வீட்டில் மனிதக் குரல் எழ வேண்டுமானால் அது என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். பதிகம் பாடுவேன். பண் பிசகினால் திருத்துவார் இல்லை. பிசகாமல் பாடினால் தலையசைப்பாரும் இல்லை.

சென்ற வாரம் என் கணவரின் ஆண்டுத் திதி வந்து போயிற்று. எங்கள் தலைமுறைப் பெண்கள் கணவர் பெயரைச் சொல்வதில்லை. இங்கும் அவரை ‘அவர்’ என்றே எழுதுகிறேன். திதியை ஒட்டி ஒன்று நிகழ்ந்தது. வெளியே சொன்னால் நகைப்புக்கு இடமாகும். சொல்லாமல் வைத்திருக்கவும் இயலவில்லை.

2

எங்கள் திருப்பூர் வீடு, அத்தெருவின் பல வீடுகளைப் போலவே, மேலே குடித்தனமும் கீழே நிட்டிங்குமாக இருந்தது. கீழ்த்தளத்தில் வட்டமாகச் சுழன்று பனியன் துணி பின்னும் மிஷின்கள். மாடியில் அடுப்பு, பூசை, பிள்ளை வளர்ப்பு. மாடிக் கூடத்தின் நடுவே ஒரு தூண் உண்டு. அது கீழே மிஷின் அறையில் எழுந்து, எங்கள் கூடத்தை ஊடுருவி, மொட்டைமாடி வரை செல்வது.

சிறு வயது முதல் பக்திப் பாடல்களே எனக்கு மொழி. சமையலறையிலும் பதிகம், காய்ச்சலில் புலம்பினாலும் பதிகம். ஆயினும் நடுவயதில்தான் குண்டலினித் தவம் பயின்றேன். நூல் கடை ஒன்றின் மாடியில் இயங்கிய சிறிய தவ மன்றத்தில் ஆசிரியை ஒருவர் என் முதுகுத்தண்டின் அடியில் விரல் வைத்தார். பின் புருவமத்தியில் வைத்தார். அடியில், மூலாதாரத்தில், சுருண்டு உறங்கும் ஆற்றல் மூச்சின் பயிற்சியால் விழித்து, தண்டின் நடுவே ஏறி, புருவங்களுக்கு இடையே நிலைபெற வேண்டும் என்றார். அவர் விதித்த நியமம் ஒன்றே: நாள்தோறும் ஒரே இடம், ஒரே நேரம்.

நேரமாக விடியலைத் தேர்ந்தேன். இடமாக அந்தத் தூணின் அடியைத் தேர்ந்தேன். முதுகுக்கு ஒரு துணை வேண்டியிருந்தது, வேறு காரணமில்லை.

இடது நாசியில் மூச்சை இழுப்பேன், சற்று நிறுத்துவேன், வலது நாசியில் விடுவேன். பின் வலதில் இழுத்து இடதில் விடுவேன். மூச்சு தன் போக்கில் அடங்கிய பிறகு கவனத்தைத் தண்டின் அடியில் வைத்துக் காத்திருப்பேன். சில வாரங்கள் கழிந்து அது வந்தது. வீணைத் தந்தியை மீட்டி விட்ட பின்னும் விரல் நுனியில் எஞ்சியிருக்குமே ஒரு துடிப்பு, அதைப் போன்ற சிற்றதிர்வு. அடியில் தொடங்கி, முதுகின் நடுவே நூலிழை அளவில் ஏறி, நெற்றியில் வந்து நின்றது. கண்ணீர் தானே வழிந்தது. ‘உள்ளே எழுந்தருளினாய்’ என்னும் பொருளில் எத்தனை அடியார்கள் பாடியிருக்கிறார்கள்! அதுவரை வாயால் பாடினேன். அன்று முதல் தண்டுவடத்தால் பாடினேன் என்றே நம்பினேன்.

தவம் முடிந்தபின் வாழ்த்துதல் எங்கள் மன்றத்து வழக்கம். கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர், பகைத்தோர் என ஒவ்வொருவரையும் மனத்தில் நிறுத்திப் பெயர் சொல்லி வாழ்த்த வேண்டும். மனத்துக்குள்ளும் அவர் பெயரைச் சொல்ல எனக்கு நாணமாக இருந்தது. ‘அவர் வாழ்க’ என்று கடந்துவிடுவேன்.

அவருக்குத் தவத்தில் நாட்டமில்லை. நான் கண்விழித்துப் படியிறங்கும்போது தேநீர்க் குவளையுடன் படிக்கட்டின் அடியில் நின்றிருப்பார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும்.

“என்ன புள்ள, ஏறுச்சா?”

“ஏறுச்சுங்க.”

“நல்லது. நீ மேல ஏத்து, நான் கீழ ஓட்டறேன்.”

நாள்தோறும் இதே கேலிதான். நானும் நாள்தோறும் முகத்தைச் சுளித்துக்கொண்டு மாடியேறி அடுக்களைக்குள் போய்விடுவேன்.

அவருடைய தங்கை சரசு அடுத்த தெருவில் இருந்தாள். நானும் அவளும் ஒரே நாளில் தீட்சை பெற்றோம். அண்ணியை நங்கை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். “எனக்கு ஏறுனது முட்டி வலி மட்டுந்தானுங் நங்கை,” என்று சொல்லிச் சில மாதங்களில் அவள் நின்றுவிட்டாள். அவள்பால் எனக்கு இரக்கம் உண்டாயிற்று. அவ்விரக்கத்தில் சிறிது பெருமிதமும் கலந்திருந்தது.

அவ்வதிர்வு வராத நாட்களும் இருந்தன. பொங்கலுக்கு வராது; விருந்துண்ட வயிற்றில் தவம் கூடாது என்று காரணம் கண்டேன். மின்வெட்டு நாட்களில் வராது. புழுக்கத்தில் மனம் சிதறுகிறது என்று தெளிந்தேன். மன்றத்தில் பலரோடு அமரும்போதும் வராது. கூட்டத்தில் ஆற்றல் பங்கிடப்படுகிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

ஒரே ஒரு முறை மட்டும் காரணம் கிடைக்கவில்லை. பண்டிகையில்லை, மின்வெட்டில்லை, உடல்நலக் குறைவுமில்லை. வழக்கம்போல் அமர்ந்தேன், அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இறைவன் என்னைக் கைவிட்டான் என்று அழுதபடியே படியிறங்கினேன். அடுத்த நாள் மீண்டும் வந்தபோது தூணைக் கட்டிக்கொண்டு விம்மினேன். அந்த வாரம் மன்றத்தில் பேச என்னை அழைத்திருந்தார்கள். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழில்களில் மறைத்தலைப் பற்றிப் பேசினேன். அவன் தன்னை மறைத்துக்கொள்வதும் நம்மைப் பக்குவப்படுத்தும் கருணையே என்றேன். கேட்டவர்கள் கண்களைத் துடைத்துக்கொண்டனர். அப்பேச்சுக்குப் பிறகே மன்றத்தில் என்னை ‘அம்மா’ என்று எழுந்து நின்று வணங்கத் தொடங்கினார்கள்.

3

அவர் மறைந்த பின் மிஷின்களை வேறொருவர் எடுத்துச் சென்றார். வீட்டைப் பூட்டிவிட்டு மகளிடம் வந்தேன்.

நிரந்தரமாக இங்கு வசிப்பதற்கு மருத்துவச் சோதனை உண்டு. மார்பைப் படமெடுக்கும் அறைக்குள் மகளை விடவில்லை. கண்ணாடிக்கு அப்பால் நின்ற இளைஞர் மூச்சை இழுத்து நிறுத்தச் சொன்னார். சைகையும் காட்டியதால் விளங்கிற்று. படம் எடுத்த பின் ஏதோ சொன்னார். அதற்குச் சைகை இல்லை. நிறுத்திய மூச்சை நிறுத்தியபடியே நின்றேன். பயின்றது அதைத்தானே! அவர் மீண்டும் ஏதோ சொன்னார். பின் உரக்கச் சொன்னார். பின் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து என் தோளைப் பற்றினார். அப்போதுதான் விட்டேன். வெளியே வந்ததும் பூங்கோதை, “அம்மா, அந்தப் பையன் பயந்தே போயிட்டானுங்க,” என்று காரில் வீடுவரை சிரித்துக்கொண்டே வந்தாள். என் நுரையீரலைப் பற்றி நல்லபடியாக எழுதினார்கள். இந்நாட்டு அரசு என் பயிற்சிக்கு அளித்த மதிப்பு அது ஒன்றுதான்.

நான் மகளிடம் சொல்லாத ஒன்று இருந்தது. இந்த வீட்டில் நான் அமர்ந்த முதல் நாளே அவ்வதிர்வு வரவில்லை. பயணக் களைப்பு என்று எண்ணினேன். பின் வெப்பக்காற்றின் வறட்சி என்றேன். பின் வெங்காயம் பூண்டை விலக்கினேன். பின் என் வினைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். கம்பளம் விரித்த அறை, மெத்தென்ற சுவர், ஓசையற்ற காலை: தவத்துக்கென்றே கட்டியது போன்ற வீடு. அதில் மூன்று குளிர்காலமாக நாள் தவறாமல் அமர்கிறேன். மூச்சு வரும், போகும். வேறெதுவும் வராது. முடிவில் வாழ்த்தும் வேளையில் அவருடைய இடத்துக்கு வந்ததும் சற்று நிற்பேன். இல்லாதவரை வாழ்க என்பது எவ்வாறு? அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குச் செல்வேன்.

பேத்தி நிலா தேர்வுக் காலத்தில் கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்து வைப்பாள். ஓர் ஆங்கிலப் பெண்குரல் மூச்சை இழு, நிறுத்து, விடு என்று சொல்லுமாம். திரையில் ஒரு நீல வட்டம் விரிந்து சுருங்கும். அவள் கட்டிலில் கிடந்தபடி அவ்வட்டத்தோடு மூச்சு விடுவாள். கதவு திறந்தே இருக்கும். நான் அவ்வழியே துவைத்த துணிகளை எடுத்துச் செல்வேன். ஒரு நாள் துணிந்து, “நானும் இதுதான் கண்ணு பண்றேன்,” என்றேன். அவள் காதிலிருந்து ஒலிப்பானைக் கழற்றி, “ஸாரி, அம்மாயி?” என்றாள். “ஒண்ணுமில்ல சாமி,” என்று நகர்ந்துவிட்டேன். கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்? என்னிடம்தான் வட்டமும் இல்லை, குரலும் இல்லையே.

இந்நிலையில்தான் சிவபாலன் ஐயா என்னைத் தேடி வந்தார். பழைய கிடங்கொன்றை வாங்கி ஈழத்தமிழர்கள் கோயிலாக்கியிருக்கிறார்கள். அதன் அறங்காவலர்களுள் ஒருவர் அவர். அங்கே நான் பதிகம் பாடுவதைக் கேட்டவர், திருப்பூரில் நெடுங்காலம் தவம் பயின்றவள் என்பதை மகள் வாயிலாக அறிந்திருக்கிறார்.

“எங்கட ஆக்கள் கனபேர் நித்திரையில்லாமல் இருக்கினம் அம்மா. நீங்கள் ஞாயிற்றுக்கிழமையில வந்து தீட்சை தரவேணும். பெரிய உபகாரமாய் இருக்கும்.”

“யோசிச்சுச் சொல்றனுங்க,” என்றேன்.

அவர் அதையே இசைவாகக் கொண்டு வணங்கிச் சென்றார். இன்னொருவர் முதுகில் விரல் வைத்து ‘இங்கே வரும்’ என்று சொல்ல வேண்டும். எனக்கே வராததை எவ்வாறு சொல்வேன்? திதி கழிந்த மறு ஞாயிறு என்று நாளும் குறித்துவிட்டார்கள்.

4

இங்கே வீடுகளுக்கு நிலத்தடியில் ஒரு தளம் உண்டு. துவைக்கும் மிஷினும் துணி உலர்த்தும் ட்ரையரும் அங்கே இருக்கின்றன. வெயிலில் காயப்போடும் வழக்கமில்லாத நாடு. ஒரு நண்பகல், முதல் சுற்றுத் துணிகளை மடித்துக்கொண்டு கீழே தரையில் அமர்ந்திருந்தேன். அடுத்த சுற்று ட்ரையரில் ஓடிக்கொண்டிருந்தது. குளிருக்கு இதமாக இருக்குமே என்று அதன் வெதுவெதுப்பான பக்கத்தில் முதுகைச் சாய்த்தேன்.

வந்தது.

தண்டின் அடியில், அதே சிற்றதிர்வு. நூலிழையாக ஏறி, நடுமுதுகைக் கடந்து, பிடரியைத் தொட்டு, நெற்றியில் நின்றது. கையில் மருமகனின் பனியன் பாதி மடித்தபடி இருந்தது. மூன்று குளிர்காலமாக வாராதவன் வந்துவிட்டான் என்று கண்ணீர் பெருகிற்று. ‘எங்கே போயிருந்தாய்’ என்று வாய்விட்டே கேட்டேன்.

ட்ரையர் மணியடித்து நின்றது. அதிர்வும் நின்றது.

கையிலிருந்த பனியனை மடித்து முடித்தேன். பின் எழுந்து, உள்ளே இருந்த துணிகளை வெளியே எடுத்துவிட்டு, ஈரத்துண்டு ஒன்றை மட்டும் போட்டு மிஷினை ஓட்டினேன். முதுகைச் சாய்த்தேன். வந்தது. எழுந்து நிறுத்தினேன். போயிற்று. மீண்டும் ஓட்டினேன். மறுநாளும் சென்றேன், அதற்கு மறுநாளும் சென்றேன். என் ஐயம் பொய்யாகிவிடாதா என்று பார்ப்பவளைப் போலவும், எப்படியேனும் அதை மறுபடி அடைந்துவிட வேண்டும் என்று ஏங்குபவளைப் போலவும் அந்தத் துண்டைச் சுழலவிட்டேன். இரண்டில் எது மிகுதி என்று இன்றும் அறியேன்.

மூன்றாம் நாள் பூங்கோதை சீக்கிரமே வந்துவிட்டாள். படியிறங்கி வந்தவள் என்னைப் பார்த்தாள். ட்ரையரின் கண்ணாடிக்குள் ஒற்றைத் துண்டு சுழல்வதைப் பார்த்தாள்.

“என்னங்கம்மா இது? ஒரு துண்டுக்கா இத்தன நேரம்?”

“ஈரம் போகலீங்க கண்ணு.”

“கீழ சில்லுனு இருக்குமேங்க. குளிருதுன்னா சொல்லுங்க, மேல ஹீட்டரக் கூட்டி வெக்கறேன். ஏன் இங்க வந்து ஒக்காந்திருக்கறீங்க?”

அவள் குரலில் கடிந்துகொள்ளும் தொனியில்லை; அச்சம் இருந்தது. வயதான தாய் ஒருத்தி நிலவறையில் மிஷினோடு சாய்ந்து கண்ணை மூடியிருப்பதைக் காணும் மகளுக்கு என்னென்னவோ தோன்றும். “சும்மாதான் சாமி,” என்று எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்துப் படியேற்றினாள். நான் நடுவில் நின்றுவிட்டேன். கால் தளர்ந்துவிட்டது என்று அவள் எண்ணியிருப்பாள்.

அப்போது என் மனத்தில் எழுந்தது திருப்பூர் வீட்டுத் தூண். கீழே சுழலும் மிஷின்களுக்கு நடுவில் எழுந்து, மேலே என் முதுகைத் தாங்கி நின்ற தூண். பொங்கல் விடுமுறை. மின்வெட்டு. மன்றத்தில் தூண் இல்லை. இந்த வீட்டில் என் அறைக்கு எட்டும் மிஷின் இல்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நான் இறைவன் என்று எண்ணிக் கண்ணீர் உகுத்தது, பனியன் துணி பின்னும் மிஷினின் அதிர்வு.

அன்றிரவு ஒரு பதிகமும் வாயில் வரவில்லை.

5

திதிக்கு முந்தைய நாள் சரசுவை அழைத்தேன். இங்கே காலை, அங்கே மாலை. திதிச் சோற்றுக்கு ஊரில் யாருக்கு இலை போடுவது என்பதைப் பேசி முடித்தோம்.

“ஏனுங் நங்கை, கொரலே ஒரு மாதிரி கெடக்குது? ஒடம்புக்குச் சொகமில்லீங்ளா?”

சொல்லிவிட்டேன். தூண், மிஷின், ட்ரையர், ஒற்றைத் துண்டு, ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் சொன்னேன். வேறு எவரிடமும் சொல்ல இயலாததை, முட்டி வலி ஏறியவளிடம் சொன்னேன். மறுமுனையில் அவள் சிரிக்கத் தொடங்கினாள். அவளுடைய சிரிப்பு எப்போதும் இருமலில்தான் முடியும். அன்றும் அவ்வாறே முடிந்தது.

“அட, உங்களுக்கு இப்பத்தான் தெரியுதுங்ளா?”

“என்ன சொல்றே சரசு?”

“அண்ணனுக்கு அப்பவே தெரியுமுங்க.”

கைப்பேசியை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியை அழுத்தினேன்.

“நீங்க தவத்துக்கு ஒக்கார ஆரம்பிச்ச காலத்துல, ஒரு நாள் அண்ணன் என்ற ஊட்டுக்கு வந்துச்சுங்க. ‘ஏஞ் சரசு, அவ மேல கண்ண மூடி ஒக்காந்திருக்கறா, கீழ இந்த மிஷினு கத்து கத்துனு கத்துது. அவ எந்திரிக்கற வரைக்கும் நிறுத்தி வெச்சா நல்லா இருக்குமா’ன்னு கேட்டுச்சு. நாந்தான், ‘நிறுத்துங்ணா, புண்ணியமாப் போகும்’னு சொன்னேன். அடுத்த நாளு நிறுத்திப்போட்டுது. அன்னிக்குத்தான் நீங்க அழுதுட்டே எறங்கி வந்தீங்க, சாமி உட்டுட்டுப் போயிருச்சுன்னு. ஞாபகம் இருக்குதுங்ளா?”

நினைவு இல்லாமலா? அந்த நாளை வைத்தல்லவா நான் மன்றத்தில் பேசினேன்.

“அடுத்த நாளும் நிறுத்துச்சு. அன்னிக்கும் அழுதீங்க. மூணா நாளு ஓட்டுச்சு; சிரிச்சுட்டு வந்தீங்க. ‘ஓட்டுனா வருது, நிறுத்துனா போகுது சரசு’ன்னு எங்கிட்ட வந்து சொல்லிச்சுங்க. அப்பறம் பாருங்க, உங்க நேரத்துல ஊசி மாத்தறதில்ல, எண்ணெ போடறதில்ல. எதுன்னாலும் நீங்க எந்திரிச்ச பொறகுதான். ஆர்டரே இல்லாத மாசத்துலகூட கழிவு நூலப் போட்டாச்சும் ஒரு மிஷின ஓட்டுச்சு.”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமே சரசு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“நானும் அதத்தானுங் கேட்டேன். ‘அவ சாமிய நான் எதுக்குப் புடுங்கோணும்? அவளுக்கு அது ஏறோணும், எனக்கு மிஷினு ஓடோணும். ரெண்டும் நடக்குதில்ல’ன்னு சொல்லிப்போட்டுது. நானும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சுங்க நங்கை. இப்பத்தான் அண்ணன் இல்லியே, யாருக்குப் பயப்படோணும்?”

அழைப்பு முடிந்தபின் முதலில் எனக்கு உண்டானது சினம். ஒருவர் என்னை இத்தனை ஆண்டுகள் அறியாமையில் வைத்திருந்தார். மன்றத்தில் என் பேச்சைக் கேட்டு எல்லாரும் கண்ணீர் விட்டபோது அவரும் பின்வரிசையில் இருந்தார். இறைவன் ஏன் மறைந்தான் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். மறைந்ததன் காரணத்தை அறிந்த ஒரே மனிதர் அங்கே நாற்காலியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வீடு திரும்பும் வழியில், “நல்லாப் பேசுன புள்ள,” என்று மட்டும் சொன்னார்.

சினம் அடங்கப் பகல் முழுவதும் வேண்டியிருந்தது. அது அடங்கிய பின் எஞ்சியதைத் தாங்குவது அதைவிட அரிதாக இருந்தது. படிக்கட்டின் அடியில் தேநீருடன் நின்று “ஏறுச்சா?” என்று கேட்டவர் கேலி செய்யவில்லை. அன்றைய ஓட்டம் சரியாக வந்ததா என்று கேட்டிருக்கிறார். நான் மேலே என் இறைவனோடு இருந்தேன். அவர் கீழே, அறிந்தும் சொல்லாமல், யாருமில்லாமல் இருந்திருக்கிறார்.

6

திதியன்று விடியலில் என் அறையிலேயே அமர்ந்தேன். கீழ்த்தளத்துக்குப் போகவில்லை. மூச்சை இழுத்தேன், நிறுத்தினேன், விட்டேன். எதுவும் வரவில்லை, வர வேண்டும் என்று காத்திருக்கவும் இல்லை. வெளியே பனி விழுந்துகொண்டிருந்ததா என்று தெரியவில்லை. விழுந்தாலும் அது சொல்லாதே. வாழ்த்தும் வேளை வந்தது. அவருடைய இடத்தில் வழக்கம்போல் நின்றேன். பின் அவர் பெயரைச் சொன்னேன். மனத்துக்குள் அல்ல, வாய்விட்டு, முழுப் பெயரையும். அந்த அறையில் அப்பெயர் ஒரு முறை ஒலித்து அடங்கியது. பின்னர் ‘வாழ்க’ என்றேன். எங்கே வாழ்வது என்று கேட்க அங்கே எவரும் இல்லை.

சிவபாலன் ஐயாவை அழைத்து, தீட்சை கொடுக்க எனக்குத் தகுதியில்லை, உடன் வந்து அமர்கிறேன் என்றேன். “அது போதும் அம்மா,” என்றார். வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று உறுதி செய்துகொண்டேன்: உடலில் எந்த உணர்வையும் எதிர்பார்க்க வேண்டாம், வருவதெல்லாம் இறைவன் என்று நம்ப வேண்டாம்.

ஞாயிறன்று கோயிலின் மேல்தளக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தனர். பலகை பாவிய தரை. முன்வரிசையில் ரஞ்சிதம் என்றொரு பெண்மணி, என்னைவிட இளையவர். சென்ற ஆண்டு மகனைப் பறிகொடுத்தவர் என்று சிவபாலன் ஐயா முன்னரே மெல்லச் சொல்லியிருந்தார். அந்த அம்மையார் கைகளை மடியில் இறுகக் கோத்திருந்தார்.

மூச்சை இழுக்கவும் விடவும் சொல்லிக் கொடுத்தேன். கவனத்தைத் தண்டின் அடியில் வைக்கச் சொன்னேன். மற்றதைத் தவம் முடிந்தபின் சொல்லலாம் என்று எண்ணி நானும் கண்ணை மூடினேன்.

சற்று நேரத்தில் எங்களுக்குக் கீழே, கீழ்த்தளத்தில், கட்டடத்தைச் சூடாக்கும் பெரிய மிஷின் தானே ஓடத் தொடங்கியது. பலகைத்தரை மெல்ல அதிர்ந்தது. அவ்வதிர்வு தரை வழியே என்னிடம் வந்தது. தண்டின் அடியைத் தொட்டது. எனக்கு அது யார் என்று தெரியும். வாழ்நாளில் ஒரு முறை மட்டுமே வாய்விட்டுச் சொன்ன பெயர் அதற்கு.

“அம்மா...” என்று ரஞ்சிதத்தின் குரல் கேட்டது. கண்திறந்து பார்த்தேன். அவர் கண்கள் மூடியபடியே இருந்தன. கன்னங்களில் நீர் வழிந்தது. கோத்திருந்த விரல்கள் தளர்ந்து விரிந்திருந்தன. “முதுகுக்குக் கீழ ஏதோ எழும்புது அம்மா. என்ர பிள்ளை வந்து கை வைச்ச மாதிரி...”

சொல்ல வேண்டிய உண்மை என் நாவில் இருந்தது. இந்தக் கூடத்தில் அதை அறிந்தவள் நான் ஒருத்தியே.

சிவபாலன் ஐயா ஓசைப்படாமல் எழுந்து என்னருகே வந்து குனிந்தார். “கீழ ஃபர்னஸ் சத்தம் போடுது அம்மா. இடைஞ்சலாய் இருக்கும். போய் நிப்பாட்டி விடட்டே?”

ரஞ்சிதத்தின் முகத்தைப் பார்த்தேன். படிக்கட்டின் அடியில், தலையில் பஞ்சு ஒட்ட, ஒருவர் மேலே நிமிர்ந்து பார்த்தபடி நின்ற காலமெல்லாம் என் கண்முன் வந்து நின்றது.

“இருக்கட்டுங்க,” என்றேன். “அது ஓடட்டும்.”